சிறு கலங்களும் பெருங் கடல்களும்

மனிதன் கடலைக் கடந்த வரலாற்றை எழுதுவோர் பெருங் கப்பல்களையும் அவற்றை அனுப்பிய பேரரசுகளையுமே பெரிதும் எடுத்துரைப்பர். கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, மகெலன், குக் ஆகியோரின் பெயர்களைப் பாடசாலை மாணவரும் அறிவர். அவர்களுக்குப் பின்னால் அரசரின் ஆணையும், திறைசேரியின் பொருளும், பல மாலுமிகளின் உழைப்பும் நின்றன. இவை எவையுமின்றி, இருபதடியும் முப்பதடியும் நீளமான பாய்க்கலங்களிற் சமுத்திரங்களைக் கடந்தோரும் உளர். அவர்தம் பயணங்கள் எந்நாட்டின் எல்லையையும் விரிக்கவில்லை. எந்த வணிகத்தையும் பெருக்கவில்லை. ஆயினும் கடலோடுங் கலையின் இயல்பை அறிய விரும்புவோருக்கு அவை பெரிதும் பயன்படும். பெருங் கப்பலில் ஒருவர் செய்யும் பிழையை மற்றொருவர் திருத்துவார். சிறு கலத்திலோ ஒருவர் அறிந்ததும் அறியாததும் மறைவின்றி வெளிப்பட்டு விடும்.

இப்பயணங்களைக் கேள்வியுறுவோர் முதற்கண் வியப்பது செலுத்தினோரின் துணிவையே. துணிவு வேண்டற்பாலதே. ஆயின் துணிவு மட்டும் போதுமாயிருந்தால் கடலடியிற் கிடக்கும் கலங்களின் தொகை இத்துணை பெரிதாய் இராது. கரை சேர்ந்த சிறு கலங்களைக் கரை சேர்த்தது யாது என்பதே இங்கு ஆராயப்படும் வினா. அவ்வாராய்ச்சிக்கு உதவும் பயணங்கள் இருவகைப்படும். வேறு வழியின்றி மேற்கொள்ளப்பட்டவை ஒருவகை. தாமே விரும்பி மேற்கொள்ளப்பட்டவை மற்றொரு வகை. முதல்வகை மிகப் பழைமையானது. இரண்டாவது வகையோ பாய்க்கப்பலின் காலம் முடிவெய்திக்கொண்டிருந்த வேளையிலேதான் தோன்றியது. இம்முரண்பாட்டிலே ஒரு வரலாற்று உண்மை அடங்கியுள்ளது.

விதி தள்ளிய பயணங்கள்

1789ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 28ஆம் நாள், தென் பசிபிக்கில் தொங்காத் தீவுகளுக்கு அண்மையில், 'பவுண்டி' என்னும் பிரித்தானியக் கடற்படைக் கப்பலிற் கலகம் மூண்டது. தாகித்தித் தீவில் ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசெல்வதே அக்கப்பலின் பணி. பிளெச்சர் கிறிஸ்தியன் என்பானின் தலைமையிற் கலகஞ் செய்தோர், கப்பற்றலைவராகிய வில்லியம் பிளையையும் அவருக்கு உண்மையாய் நின்ற பதினெண்மரையும் 23 அடி நீளமான திறந்த படகொன்றில் இறக்கிவிட்டனர். படகில் ஏறிய பாரத்தால் அதன் விளிம்பு நீர்மட்டத்திற்குச் சில அங்குலமே உயர்ந்து நின்றது. ஏறத்தாழ 150 இறாத்தல் மாவுரொட்டி, சிறிது பன்றியிறைச்சி, 28 கலன் நீர், திசையறி கருவி ஒன்று, கோணம் அளக்குங் கருவி ஒன்று ஆகியவையே அவர்களுக்குக் கிடைத்த முதல். கடற்படம் ஒன்றும் கொடுக்கப்படவில்லை.

அருகிருந்த தோபுவாத் தீவில் இறங்கி உணவு தேட முயன்றபோது அத்தீவினர் தாக்கினர், ஒருவர் மாண்டார். அதன்பின் பிளை இடைவழித் தீவுகளில் நம்பிக்கை வைத்திலர். டச்சுக்காரர் குடியேறியிருந்த தீமோர்த் தீவே இலக்கென முடிவு செய்தார். தேங்காய்ச் சிரட்டைகளால் ஒரு தராசு செய்து, துப்பாக்கிக் குண்டொன்றை நிறைகல்லாகக் கொண்டு, ஒவ்வொருவர்க்கும் ரொட்டியை நிறுத்துக் கொடுத்தார். கூடுதலாகக் கேட்பதில்லை என யாவரும் முன்னரே உறுதி கூறியிருந்தனர். யூன் 14ஆம் நாள் அவர்கள் தீமோரின் குப்பாங் துறையை அடைந்தபோது கலகம் நிகழ்ந்து 47 நாள் கழிந்திருந்தது. கடந்த தூரம் 3,600 கடல் மைலுக்கும் மேற்பட்டது. தோபுவாவில் மாண்டவரைத் தவிர வேறெவரும் அப்படகில் இறக்கவில்லை.

பிளையின் குணம்பற்றி வரலாற்றாசிரியர் இன்றும் மாறுபடுவர். அவரது கடுமொழியே கலகத்துக்கு ஏதுவாயிற்று என்பாரும், அவர்மேற் பழி மிகையாகச் சுமத்தப்பட்டது என்பாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறாயினும், படகில் அவர் செய்தது ஐயத்திற்கு இடமற்றது. அவர் குக்கின் மூன்றாம் பயணத்திற் கலஞ்செலுத்தும் பொறுப்பில் இருந்தவர். அங்கு கற்றதை மனத்தில் வைத்தே நெடுங்கோட்டைக் கணித்தார். மழையில் நனைந்து, பசியால் மெலிந்து, படகில் ஏறிய நீரை இறைத்துக்கொண்டிருந்த அந்நாட்களிலும் நாட்குறிப்பு எழுதுவதை விட்டாரல்லர். வழியிற் கண்ட பீஜித் தீவுகளின் இருப்பையும் குறித்து வைத்தார்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க பிறிதொரு பயணம் 1916இல் நிகழ்ந்தது. ஏர்ணஸ்ட் ஷாக்கிள்ற்றனின் 'எண்டியூறன்ஸ்' என்னும் கப்பல் தென்துருவப் பனிக்கட்டியில் நசுங்கி அமிழ்ந்தபின், அதில் வந்தோர் எலிபன்ற் தீவில் ஒதுங்கினர். அங்கு அவர்களைத் தேடிவர எவருமிலர். ஏப்பிரில் 24ஆம் நாள் ஷாக்கிள்ற்றனும் வேறு ஐவரும் 'ஜேம்ஸ் கெயர்ட்' என்ற 22½ அடிப் படகிற் புறப்பட்டனர். அத்தீவுக்கு அண்மையில் இருந்தவை போக்லாந்துத் தீவுகள். எனினும் அவர்கள் அவற்றைத் தெரிந்தெடுக்கவில்லை; 800 மைலுக்கு அப்பாலுள்ள தென் ஜோர்ஜியாவையே தெரிந்தெடுத்தனர். அக்கடலில் மேலைக்காற்றே ஓயாது வீசுமாதலின், அண்மையிலுள்ள தீவு காற்றுக்கு எதிரேயும் சேய்மையிலுள்ள தீவு காற்றின் போக்கிலும் அமைந்திருந்தன. கலஞ்செலுத்திய பிராங்க் வோர்ஸ்லி, சூரியன் முகில்நீங்கித் தோன்றிய ஓரிரு கணங்களில், இருபுறமும் தோழர் தாங்கிப் பிடிக்க நின்று கோணமளந்தார். அவ்வாறு அளக்கக் கிடைத்த வாய்ப்புகள் பயணம் முழுவதிலும் நான்கே எனக் கூறுவர். கணக்கிற் சிறு பிழை நேர்ந்திருப்பினும் படகு தீவைத் தாண்டிப் பரந்த அத்திலாந்திக்கிற் புகுந்திருக்கும். மே 10ஆம் நாள் அவர்கள் கரையேறினர். எலிபன்ற் தீவில் விடப்பட்ட 22 பேரும் ஓகஸ்ட் 30ஆம் நாள் உயிருடன் மீட்கப்பட்டனர்.

இவ்விரு பயணங்களையும் மேற்கொண்டோர் புகழை நாடிச் சென்றாரல்லர். தொழிலாகக் கற்ற வித்தையை இறுதி முயற்சியாகப் பயன்படுத்தினர். இனி, அவ்வித்தையைத் தேவையின்றியே, தாமாக விரும்பிச் சோதனைக்கு உட்படுத்தியோரின் வரலாற்றை நோக்குவோம். அது தொடங்குவது ஷாக்கிள்ற்றனுக்கு இருபது ஆண்டுகள் முன்னராம்.

தொழிலிழந்த மீகாமன்

1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டமை பாய்க்கப்பலுக்குப் பேரிடியாயிற்று. செங்கடலின் காற்றுகள் பாய்க்கப்பலுக்கு இசைவானவை அல்ல. எனவே கீழ்த்திசைக்குச் செல்லும் குறுக்குவழி நீராவிக் கப்பலுக்கே உரியதாயிற்று. நிலக்கரித் துறைகள் பெருகின; இயந்திரங்கள் திருந்தின. காற்றையும் நீரோட்டத்தையும் விண்மீனையும் நோக்கி வாழ்நாளைக் கழித்த மீகாமர் பலர், தமது அறிவுக்கு விலையற்றுப் போனதைக் கண்டனர். அவர்களுள் ஒருவரே யோசுவா சிலோக்கம்.

சிலோக்கம் 1844 பெப்ரவரி 20இல் கனடாவின் நோவா ஸ்கோசியாவிற் பிறந்தார். தந்தையார் மாலுமிகளுக்குக் காற்சப்பாத்துத் தைப்பவர். அக்கடையிலிருந்து தப்பி இளமையிலேயே கடலேறிய சிலோக்கம், சாதாரண மாலுமியாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, ஐக்கிய அமெரிக்காவின் குடியுரிமை பெற்றுக் கப்பற்றலைவரானார். 1871இல் சிட்னி நகரில் வேர்ஜீனியா வோக்கர் என்னும் மங்கையை மணந்தார். அவ்வம்மையார் கணவரோடு கடலிலேயே வாழ்ந்து, மக்களைக் கப்பலிலேயே வளர்த்தார். 1884இல் புவெனஸ் அயர்ஸ் துறையில் அவர் காலமானதன்பின் சிலோக்கத்தின் வாழ்வு சரியத் தொடங்கிற்று. 1887ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்குச் சொந்தமான 'அக்குவிட்னெக்' என்னுங் கப்பல் பிறேசிற் கரையிலே தரைதட்டி அழிந்தது.

இரண்டாம் மனைவியோடும் மைந்தர் இருவரோடும் அந்நியக் கரையில் நின்ற அவர், கப்பலின் எச்சங்களையும் அந்நாட்டு மரங்களையும் கொண்டு 35 அடிக் கலமொன்றைக் கட்டினார். பிறேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட 1888 மே 13ஆம் நாளில் அது நீரில் இறக்கப்பட்டமையால், சுதந்திரம் எனப் பொருள்படும் 'லிபர்தாதே' என்ற போர்த்துக்கேயச் சொல்லே அதன் பெயராயிற்று. அதிலேறி 5,000 மைலுக்கு மேற்பட்ட கடலைக் கடந்து குடும்பத்தோடு அமெரிக்கா சேர்ந்தார். இதுவும் விதி தள்ளிய பயணமே. ஆயினும் சிறு கலம் ஒன்று எவற்றைச் செய்யவல்லது என்பதைச் சிலோக்கம் அறிந்துகொண்டது இதனாலேயாம்.

பழங்கலம் புதுக்கலமானமை

1892ஆம் ஆண்டிற் பழைய திமிங்கில வேட்டைக் கப்பற்றலைவர் ஒருவர் சிலோக்கத்துக்குக் கப்பலொன்று தருவதாகச் சொன்னார். மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள பெயர்ஹேவன் என்னும் ஊருக்குச் சென்று பார்த்தபோது, வயலொன்றில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, கித்தான் போர்த்தப்பட்ட ஒரு பழம் படகே அங்கிருந்தது. சிப்பி வாரும் தொழிலில் ஈடுபட்டிருந்த அப்படகின் பெயர் 'ஸ்பிறே'. அதனை உடைத்து விறகாக்குவதற்கே சிலோக்கம் வந்தாரென ஊரவர் எண்ணினர். திருத்தப்போவதாக அவர் கூறியதும், அதனால் ஆதாயம் உண்டாகுமா என வினவினர்.

அருகிலிருந்த ஓக் மரத்தைத் தம் கையாலேயே தறித்து அடிமரம் அமைத்தார். விலாக்கட்டைகளை நீராவியில் வளைத்தார். பலகை தைத்துக் கலப்பற்றுச் செய்தார். பழைய படகின் உறுப்புகள் ஒவ்வொன்றாக நீங்கிப் புதியவை அமைந்தமையின், இறுதியில் எஞ்சியது பெயரும் வடிவுமே எனலாம். வேலை பதின்மூன்று மாதம் நடந்தது. பொருட்களுக்குச் செலவானது 553 டொலர் 62 சதம். முடிவுற்ற கலத்தின் நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். நீளத்துக்கு அகலம் மிகுந்திருந்த இவ்வமைப்பே பின்னர் அவருக்குப் பேருதவியாயிற்று.

1895 ஏப்பிரில் 24ஆம் நாள், தம் ஐம்பத்தோராம் வயதிற் சிலோக்கம் தனியராய்ப் பொஸ்ரன் துறையை விட்டுப் புறப்பட்டார். முதலிற் குளோஸ்ரர் என்னும் மீன்பிடித் துறையில் தங்கித் தேவையான பொருட்களைச் சேர்த்தார். முழுத் தோணியொன்றைக் கலத்தில் வைக்க இடமின்மையால், தோணியொன்றைக் குறுக்கே அறுத்து, அரைத்தோணியின் வாயைப் பலகையால் அடைத்து எடுத்துக்கொண்டார். அதுவே கரைக்குச் செல்லும் படகாகவும், குளிக்குந் தொட்டியாகவும் பயன்பட்டது. தாம் பிறந்த நோவா ஸ்கோசியாவைத் தரிசித்தபின் யூலை மாதத்தின் தொடக்கத்தில் அத்திலாந்திக்கிற் புகுந்தார்.

உலகைச் சுற்றிய வழி

ஜிப்ரோல்டர் சேர்ந்து, மத்தியதரைக்கடலும் சுயெஸ் கால்வாயும் வழியாகக் கிழக்கே செல்வதே அவர் முதலிற் கொண்ட எண்ணம். அக்கரையிற் கடற்கொள்ளையர் உளரென அங்கிருந்த பிரித்தானியக் கடற்படையினர் எச்சரித்தனர். சிலோக்கம் அவ்வுரையை ஏற்றுத் திட்டத்தை முற்றாக மாற்றி, மேற்குமுகமாகத் தென்னமெரிக்காவை நோக்கித் திரும்பினார். தமது முதற் கருத்தைக் கைவிடுதலை அவர் இழிவாக எண்ணவில்லை. புவெனஸ் அயர்சிற் பாய்மரத்தின் உயரத்தை ஏழடி குறைத்தமையும் இத்தகைய முன்யோசனையே. புயல்மிகுந்த தென்கடலிலே விரைவிலும் பாதுகாப்பே வேண்டப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1896 பெப்ரவரியில் மகெலன் நீரிணைக்குட் புகுந்தார். அங்கு புந்தா அறெனாஸ் துறையிலே நண்பரொருவர் கம்பளம் அறையும் சிற்றாணிகள் நிறைந்த பையொன்றைக் கொடுத்தார். இரவில் நங்கூரமிட்டு உறங்குமுன் அவ்வாணிகளைக் கலத்தின் மேற்றளத்திற் பரப்பிவைத்தார். நள்ளிரவில் வெறுங்காலுடன் ஏறியோர் அலறித் திரும்பினர். இக்கதை பலராலும் நகைச்சுவையோடு எடுத்துரைக்கப்படுவது. ஆயின் அதன்பின் நேர்ந்ததே மெய்யான இடர். மார்ச் மாதத்தில் நீரிணையைக் கடந்து பசிபிக்கில் தலைகாட்டிய 'ஸ்பிறே'யை வடமேற்குப் புயல் தாக்கித் தெற்கே துரத்திற்று. இரவு சூழ்ந்தபோது, நீருள் மறைந்த பாறைகளின்மீது அலைகள் வெண்ணுரை கக்கியுடையும் பகுதியிற் கலம் அகப்பட்டது. மாலுமிகள் அதனைப் பால்வீதி என்றழைப்பர். விடியும்வரை நுரையின் வெண்மையையே வழிகாட்டியாகக் கொண்டு கலத்தைத் திருப்பித் திருப்பிச் செலுத்தி, பக்கக் கால்வாயொன்றின் வழியாக மீண்டும் நீரிணைக்குள்ளேயே வந்து சேர்ந்தார். பட்ட பாடனைத்தையும் மீண்டும் படவேண்டியதாயிற்று. ஏப்பிரிலில்தான் பசிபிக் அவருக்கு வழிவிட்டது.

ஜுவான் பெர்ணாண்டஸ் தீவில், வழியிற் கண்டெடுத்த கொழுப்பைக் கொண்டு பணியாரம் பொரித்து விற்றும், பொரிக்கும் வகையைத் தீவினருக்குக் கற்பித்தும் சில நாள் இன்புற்றிருந்தார். பின்னர் இடையில் எங்கும் தங்காமல் 72 நாள் ஓடிச் சமோவாவை அடைந்தார். எழுத்தாளர் ஸ்ரீவன்சனின் விதவை மனைவியார் அங்கு அவரை வரவேற்றார். அவுஸ்திரேலியாவிலும் தஸ்மேனியாவிலும் சொற்பொழிவாற்றிச் செலவுக்குப் பொருள் தேடினார். 1897இல் தொறெஸ் நீரிணையைக் கடந்து இந்து சமுத்திரத்திற் புகுந்து, கொக்கோஸ் தீவுகள், மொறீசியஸ் வழியாகத் தென்னாபிரிக்கா சேர்ந்தார். உலகம் தட்டையானதென உறுதியாக நம்பிய திரான்ஸ்வால் சனாதிபதி குருகர், உலகைச் சுற்றிவருபவர் எனச் சிலோக்கத்தை அறிமுகஞ் செய்த சொல்லையே மறுத்துரைத்தார். சென் ஹெலினாத் தீவில் ஏற்றப்பட்ட ஆடொன்று மேற்கிந்தியக் கடற்படத்தைத் தின்றுவிட்டது. 1898 யூன் 27ஆம் நாள் பின்னிரவில் நியூபோட் துறையில் நங்கூரமிட்டார். கடந்த தூரம் 46,000 மைல். சென்ற காலம் மூன்றாண்டுக்கும் சிறிது கூடுதல். உலகைத் தனியே சுற்றிவந்த முதல் மனிதர் அவரே.

கணக்கின் பெருமை

இப்பயணத்திலே சிறப்பாக நோக்கத்தக்கவை இரண்டு. முதலாவது கலத்தின் அமைதி. 'ஸ்பிறே'யின் உடலும் பாய்களும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தமையால், சுக்கானைக் கயிற்றாற் கட்டிவிட்டாற் கலம் தானே திசை மாறாது ஓடும். அசோர்ஸ் தீவுகளை விட்டபின் சிலோக்கம் நோயுற்று நினைவிழந்து கிடந்த ஓர் இரவிற் புயல் வீசிற்று. கொலம்பஸின் கப்பலொன்றின் மீகாமன் வந்து சுக்கானைப் பிடித்ததாக அவருக்கு மயக்கக் காட்சி தோன்றிற்று. காலையில் எழுந்து பார்த்தபோது கலம் குறித்த திசையிலேயே சென்றுகொண்டிருந்தது. இந்து சமுத்திரத்திற் கொக்கோஸ் தீவுகளை நோக்கிய 2,700 மைல் ஓட்டத்திற்கு 23 நாள் சென்றது. அதில் அவர் சுக்கானைக் கைப்பற்றி நின்றது மொத்தத்தில் மூன்று மணி நேரமளவே. உறங்காமல் ஒருவர் உலகைச் சுற்ற இயலாது. ஆகவே உறங்கும்போதும் ஓடத்தக்க கலத்தை அமைத்த அறிவே அப்பயணத்தை இயலச் செய்தது.

இரண்டாவது, இடமறியுங் கணக்கு. அகலக்கோட்டை நண்பகற் சூரியனைக்கொண்டு எளிதில் அறியலாம். நெடுங்கோட்டை அறிதற்குத் தவறாத காலமானி வேண்டும். சிலோக்கத்திடம் இருந்த காலமானியைப் பழுதுபார்க்கப் பதினைந்து டொலர் கேட்டனர். அதனை விடுத்து ஒரு டொலருக்குத் தகரக் கடிகாரம் ஒன்றை வாங்கினார். முகம் உடைந்திருந்தமையால் அரை டொலர் குறைத்துப் பெற்றது அது. பின்னர் நிமிடமுள்ளையும் அது இழந்தது. கொதிநீரில் இட்டெடுத்தபின் மணியை மட்டும் காட்டிற்று. இதனைக்கொண்டு உலகைச் சுற்றினார் என்பது கேட்போருக்கு வேடிக்கையாகத் தோன்றும். உண்மையில் அவர் நம்பியது கடிகாரத்தையன்று. ஓடிய திசை, வேகம், காலம் ஆகியவற்றைக்கொண்டு நாடோறும் இடங்கணித்து வந்தார். அதனைச் சரிபார்க்க, சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்து நேரமறியும் பழைய முறையைக் கையாண்டார். நீண்ட கணிப்பை வேண்டும் அம்முறையை மாலுமிகள் அக்காலத்தில் ஏறக்குறையக் கைவிட்டிருந்தனர்.

ஜுவான் பெர்ணாண்டஸ் தீவைவிட்டு நாற்பத்து மூன்றாம் நாளில், மார்க்கேசஸ் தீவுகளை அணுகியபோது, சந்திரனைக்கொண்டு கணித்த இடம் நாட்கணக்கிற் கண்ட இடத்திலிருந்து பன்னூறு மைல் விலகி நின்றது. அது பொருந்தாதென்பது அவருக்கு உறுதி. மீண்டும் அளந்தார், அதே விடை வந்தது. தம் கையும் கருவியும் பிழைக்கவில்லையெனத் தேர்ந்தபின், அச்சிட்ட அட்டவணைகளையே ஐயுற்று ஆராய்ந்தார். மடக்கை அட்டவணையில் முதன்மையான நிரலொன்று பிழையாய் இருந்தது. அதனைத் திருத்திக் கணித்தபோது இருவகைக் கணக்கும் ஐந்து மைலுக்குள் ஒத்து நின்றன. முன்னர்க் கூறிய கம்பள ஆணிகளினும் இந்நிகழ்ச்சியே சிலோக்கத்தை நன்கு காட்டுவது. அறிஞர் அச்சிட்ட நூலையும் சோதித்துப் பார்த்தபின் ஏற்றலும், தம் கணக்கையும் அவ்வாறே சோதித்தலும் கற்றுத் தேர்ந்தோர்க்கே இயலும். தனித்த கடலில், பிழையைச் சுட்டிக்காட்ட ஒருவருமற்ற இடத்தில், அவ்வொழுக்கத்தை அவர் கைவிடவில்லை.

அவர் எழுதிய பயண நூல் 1900இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. ஆயினும் கடல் எவருக்கும் பிணை நிற்பதில்லை. 1909இல் அதே 'ஸ்பிறே'யில் மீண்டும் தனியே தெற்குநோக்கிப் புறப்பட்ட சிலோக்கம் திரும்பினாரல்லர். கலத்தின் சிதைவு ஒன்றேனும் கிடைக்கவில்லை.

குளோஸ்ரரும் வல்வெட்டித்துறையும்

சிலோக்கம் காட்டிய வழியிற் பின்னர்ப் பலர் சென்றனர். தாமே கட்டிய 34 அடிக் கலத்தில் ஹரி பிஜன் என்னும் அமெரிக்கர் 1921 முதல் 1925 வரையிலும், அலென் ஜெர்போ என்னும் பிரெஞ்சுக்காரர் 1923 முதல் 1929 வரையிலும் தனியே உலகைச் சுற்றினர். இவர்களை அடுத்து வந்தவர் வில்லியம் அல்பேட் ரொபின்சன். 1928 முதல் 1931 வரை 32½ அடி நீளமுள்ள 'ஸ்வாப்' என்னும் கலத்தில் உலகைச் சுற்றிய இவ்வமெரிக்கரின் பெயர் ஈழநாட்டோடும் தொடர்புடையது.

சிறு கலத்திற் புகழ்பெற்ற ரொபின்சன் பின்னர்ப் பெரிய பாய்க்கப்பல் ஒன்றை வாங்க விரும்பினார். பாய்க்கப்பல் கட்டுதல் மேலைநாட்டில் அருகிப்போன அக்காலத்தில், யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில் அது வாழுந் தொழிலாய் இருந்தது. அங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் 89 அடி நீளமான இருபாய்மரக் கப்பலை அவர் வாங்கி, தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' எனப் பெயரிட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அக்கப்பல் செங்கடலையும் மத்தியதரைக்கடலையும் அத்திலாந்திக்கையும் கடந்து 1938 ஓகஸ்டில் அமெரிக்கக் கரையை அடைந்தது. அது சேர்ந்த துறை குளோஸ்ரர். நாற்பத்து மூன்றாண்டுகளின் முன் சிலோக்கம் தம் அரைத்தோணியைப் பெற்ற துறையும் அதுவே.

'அன்னபூரணி' சிறு கலமன்று. அதனைச் செலுத்தினோர் வீரச்செயல் நாடியோருமல்லர். சோளகத்தையும் வாடையையும் நோக்கித் தென்னிந்தியாவுக்கும் பர்மாவுக்கும் பொருளேற்றிச் சென்று பழகிய தண்டையல்மாரின் மரபில் வந்தோர் அவர்கள். மேலைநாட்டிலே தனிமனிதர் சிலர் விரும்பிப் பேணவேண்டியிருந்த வித்தை, இங்கு ஓர் ஊரின் பொதுச்சொத்தாய் இருந்தது. குளோஸ்ரர் துறையில் அவ்விரு மரபும் சந்தித்தன எனலாம். அவ்வூர்ப் பாய்க்கப்பல் வணிகமும் காலப்போக்கில் மறைந்தொழிந்தது.

பொய்க் கணக்கு

இவ்வித்தை இறுதியாகவும் கடுமையாகவும் சோதிக்கப்பட்டது 1968இல். எத்துறையிலும் நில்லாமல் தனியே உலகைச் சுற்றும் போட்டியை இலண்டனிலிருந்து வெளிவரும் 'சண்டே ரைம்ஸ்' பத்திரிகை அறிவித்தது. ஒன்பதின்மர் புறப்பட்டனர். அவருள் மூவரின் வரலாறு இவ்வாராய்ச்சிக்குப் போதும்.

ஒருவர் வணிகக் கப்பற்றுறையிற் பயின்ற றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன். பம்பாயிலே தேக்கு மரத்தாற் கட்டப்பட்ட 'சுஹைலி' என்னும் 32 அடிக் கலத்தில் அவர் சென்றார். வானொலி பழுதுற்றமையால் மாதக்கணக்கில் அவர்பற்றிச் செய்தியில்லை. இறந்தாரோ எனவும் ஐயுற்றனர். 1969 ஏப்பிரில் 22ஆம் நாள், பத்து மாதத்துக்கு மேலான ஓட்டத்தின்பின், புறப்பட்ட பல்மத் துறைக்கே மீண்டார். போட்டியை முடித்தவர் அவர் ஒருவரே. மற்றொருவர் பிரெஞ்சுக்காரராகிய பேர்ணார் மொய்த்தெசியே. சிலோக்கத்தின் நினைவாகத் தம் கலத்துக்கு 'யோசுவா' எனப் பெயரிட்டவர். வெற்றிவாய்ப்பு இருந்தபோதும் பரிசை விரும்பாது, திரும்பும் வழியைவிட்டு மீண்டும் கிழக்குநோக்கியோடித் தாகித்தி சேர்ந்தார்.

மூன்றாமவர் டொனால்ட் குறோஹேர்ஸ்ட். மின்கருவித் தொழிலில் ஈடுபட்டிருந்த அவருக்கு மாசமுத்திரப் பயிற்சி குறைவு. கலம் முற்றுப்பெறுமுன்னரே, கடன்சுமையால் உந்தப்பட்டுப் புறப்பட்டார். தென்கடலின் புயலை அக்கலம் தாங்காதென அறிந்தபோது, திரும்பவும் துணியாது முன்செல்லவும் துணியாது அத்திலாந்திக்கிலேயே சுற்றிக்கொண்டிருந்து, உலகைச் சுற்றுவதாகப் பொய்ச்செய்தி அனுப்பினார். செல்லாத கடலிற் சென்றதாக எழுதுவதற்கு, காணாத சூரியனின் கோணங்களைப் பின்னோக்கிக் கணிக்கவேண்டியிருந்தது. அது மெய்க்கணக்கினும் கடியது. அவர் நெருங்கி வருகிறாரென நம்பி, நைஜல் ரெற்லி என்னும் போட்டியாளர் ஏற்கெனவே தளர்ந்திருந்த தம் கலத்தை மிகையாக விரைந்து செலுத்த, அது அசோர்ஸ் தீவுகளுக்கு அண்மையில் உடைந்து அமிழ்ந்தது. அவர் மட்டும் காப்பாற்றப்பட்டார். 1969 யூலை 10ஆம் நாள் குறோஹேர்ஸ்டின் கலம் ஆளின்றி மிதந்தவாறு கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த குறிப்பேடுகளே உண்மையை வெளிப்படுத்தின. நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் தமக்குக் கிடைத்த 5,000 பவுண் பரிசை அவரது குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

குறோஹேர்ஸ்டைப் பழித்தல் எளிது. ஆயின் அவர்மேற் சுமந்த கடனும், திரும்பினால் நேரும் நாணமும், வெற்றியை எதிர்நோக்கியோரின் ஆரவாரமும் எண்ணத்தக்கவை. துணிவு அவரிடம் இல்லாமலில்லை. ஜிப்ரோல்டரில் சிலோக்கம் திட்டத்தை மாற்றியதுபோல, இயலாது எனக் கண்டவிடத்து அதனை ஒப்புக்கொள்ளும் சுதந்திரமே அவரிடம் இல்லாதொழிந்தது.

இவற்றையெல்லாம் ஒருங்குவைத்து நோக்குமிடத்து, முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை தெளிவாகும். பிளை சிரட்டைத் தராசில் நிறுத்த ரொட்டியும், வோர்ஸ்லி முகிலிடையே அளந்த சூரியனும், சிலோக்கம் திருத்திய மடக்கை நிரலும் ஓர் இனத்தவை. உள்ளது எவ்வளவு, நிற்பது எவ்விடம், தெரியாதது எது என்பவற்றில் தம்மைத் தாமே ஏமாற்றாதிருந்தோரே கரை சேர்ந்தனர். பாய்க்கப்பல் பிழைப்புக்குரிய தொழிலாய் இருந்தவரை இவ்வொழுக்கத்தைத் தொழிலே காத்து நின்றது. தொழில் மறையத் தொடங்கியபோது, அதனைக் காக்கும் பொறுப்பைச் சிறு கலங்கள் ஏற்றன. பயனற்ற பயணங்கள் எனத் தோன்றுபவற்றின் பயன் இதுவேயாம். இக்காலத்தில் இடத்தைச் செய்மதிகள் நொடிப்பொழுதில் உணர்த்துகின்றன. ஆயினும் கலத்தின் வலிமையையும் தன் வலிமையையும் உள்ளவாறு மதித்தல் இன்றும் செலுத்துவோனுக்கே உரிய கடமை. பெயர்ஹேவன் ஊரவர் வினவிய ஆதாயம் 'ஸ்பிறே'யைத் திருத்தியவருக்கு வந்ததோ இல்லையோ, கடலோடுங் கலைக்கு வந்தது என்பதில் ஐயமில்லை.